அளவுச் சக்கரம் செய்வோம், வயலை அளப்போம்

"உங்கள் வயல் எவ்வளவு?" என்று கேட்டால் விடை சொல்ல விவசாயப் பெருமக்கள் யாரும் தயங்குவதில்லை. ஒரு ஏக்கர், மூன்று மா, எழுபது சென்ட் என்று உடனே பதில் வரும். அந்த அளவு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், பட்டாவில் அப்படி இருக்கிறது என்பார்கள். அல்லது அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறோம் என்பார்கள். பட்டாவில் உள்ள அளவு தவறு என்று இங்கே சொல்ல வரவில்லை. அது நிலத்தின் அளவு. உரமும் விதையும் மருந்தும் நாம் இடுவது பயிருக்கு. பயிர் நிற்கும் பரப்பு எவ்வளவு என்பதைப் பட்டா சொல்லாது.

ஓர் ஏக்கர் நஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான்கைந்து வயல்களாகப் பிரித்திருக்கிறீர்கள். வரப்புகளின் மொத்த நீளம் 300 மீட்டர், அகலம் 60 செ.மீ. என்றால் வரப்பு மட்டும் சுமார் நாலரை சென்ட். ஒரு பக்கம் ஓடும் வாய்க்கால் ஒன்றரை சென்ட். கிணறும் கிணற்று மேடும் மோட்டார் அறையும் மூன்று சென்ட், களமும் வைக்கோற்போரும் நான்கு சென்ட் என்று வைத்துக்கொண்டால், பயிருக்கு மிஞ்சுவது 87 சென்ட்.

மண் பரிசோதனை செய்யாத நிலையில், மத்திய, நீண்டகால நெல் இரகங்களுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. யூரியாவாக இட்டால் இது 130 கிலோ. 87 சென்ட்டுக்கு வேண்டியது 113 கிலோதான். மீதி 17 கிலோவும் அதே பயிரின் தலையில் விழுகிறது. காசு நட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தழைச்சத்து மிகுந்தால் பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் தானே வரவழைக்கும். கதிர் முற்றும் நேரத்தில் சாயும். களைக்கொல்லியில் அளவு மிகுந்தால் நாற்றே வாடும். குறைந்தால் களை சாகாது.

மகசூல் கணக்கும் இப்படித்தான் பிசகுகிறது. "இந்த இரகம் ஏக்கருக்கு 30 மூட்டைதான் கண்டது" என்று ஒருவர் கைவிட்டுவிடுகிறார். அந்த 30 மூட்டையும் 87 சென்ட்டில் விளைந்தது என்றால் ஏக்கருக்கு 34 மூட்டைக்கும் மேல் ஆகிறது. நல்ல இரகத்தைக் கைவிட்டது, வயலின் அளவு தெரியாமல்தான். நடவுக் கூலி, உழவுக் கூலி, குத்தகை என ஏக்கர் கணக்கில் பேசும் எதற்கும் இது பொருந்தும்.

அப்படியானால் அளந்துவிடலாமே என்றால், எதைக் கொண்டு அளப்பது? காலடியால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். கயிறு நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். முப்பது மீட்டர் நாடா நல்லதுதான். ஆனால் பிடிக்க இருவர் வேண்டும், வளைந்த வரப்பில் துண்டு துண்டாக அளக்க வேண்டும், எத்தனை முறை நாடாவைப் போட்டோம் என்பது பாதியில் மறந்துபோகும். இதற்கெல்லாம் எளிய மாற்று ஒரு சக்கரம். அதைத் தள்ளிக்கொண்டு நடந்து, எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணினால் நீளம் கிடைத்துவிடும். இது புதிய யோசனை அன்று. 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நான்கு அடி விட்டமுள்ள வண்டிச் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணிச் சாலையின் தொலைவை அளக்கும் வழியை எழுதி வைத்திருக்கிறார்.

பல பள்ளிகளில் கணக்குப் பாடத்தில் மாணவர்களே அட்டையிலோ பலகையிலோ இந்தச் சக்கரத்தைச் செய்து விளையாட்டுத் திடலை அளக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வேலையில் பாதியை அவனிடமோ அவளிடமோ விட்டுவிடலாம். வட்டத்தின் சுற்றளவுக்கான சூத்திரம் அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஆரம் 32 சென்டிமீட்டர்

சக்கரம் எந்த அளவில் இருந்தாலும் அளக்கலாம். ஆனால் ஆரத்தை 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு பெரிய வசதி உண்டு.

நம் ஊரில் சென்ட் கணக்கு, நில அளவைச் சங்கிலியிலிருந்து வந்தது. எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ஆம் ஆண்டு வாக்கில் வகுத்த இந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். இவற்றை 'லிங்க்ஸ்' என்று சர்வேயர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீளம் ஒரு சங்கிலி, அகலம் ஒரு சங்கிலி உள்ள சதுரம் 10 சென்ட். அப்படிப் பத்துச் சதுரங்கள் ஓர் ஏக்கர்.

இப்போது 32 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தைப் பாருங்கள். விட்டம் 64 செ.மீ. இதை 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு 201.1 செ.மீ. பத்துச் சுற்றுக்கு 20.11 மீட்டர். ஒரு சங்கிலியின் நீளம் 20.12 மீட்டர். வேறுபாடு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆகவே இந்தச் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் ஒரு சங்கிலி. ஒரு சுற்று பத்து லிங்க்ஸ். நேர்சதுரமாகவோ நீள்சதுரமாகவோ உள்ள வயலுக்கு, நீளத்தின் சுற்றுகளை அகலத்தின் சுற்றுகளால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் நேராகச் சென்ட் வந்துவிடும். நீளம் 32 சுற்று, அகலம் 30 சுற்று என்றால் பெருக்கினால் 960. வயல் 96 சென்ட். அடியை மீட்டராக்கி, மீட்டரை ஏக்கராக்கி அல்லாட வேண்டியதில்லை.

22/7 என்பது தோராயம்தானே என்று பிள்ளைகள் கேட்கக்கூடும், கேட்க வேண்டும். 499-ஆம் ஆண்டிலேயே ஆரியபட்டர், 20,000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62,832-ஐ நெருங்கியது என்று கணக்கிட்டிருக்கிறார். அந்த விகிதத்தில் பார்த்தால் நம் சக்கரத்தின் சுற்றளவு 201.06 செ.மீ. வருகிறது. நூறு சுற்றுக்கு எட்டு சென்டிமீட்டர் அளவுதான் வித்தியாசம். வயலுக்கு 22/7 தாராளமாகப் போதும்.

செய்முறை

பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று வேண்டும். பலகையின் நடுவில் சிறு ஆணி அடித்து, அதில் நூலைக் கட்டி, 32 செ.மீ. தள்ளிப் பென்சிலைப் பிடித்து வட்டம் வரையலாம். நூல் இழுபடும் என்பதால் நூலுக்குப் பதிலாக, 32 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்ட மரச்சட்டத்தைப் பயன்படுத்துவது மேல். அறுக்கும் வேலையைத் தச்சரிடம் விடுங்கள். கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடு வரை அரத்தால் தேய்த்து வரச் சொல்லுங்கள்.

ஓரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் சக்கரம் வழுக்காது. ஆனால் டியூபின் கனத்தையும் சேர்த்துத்தான் ஆரம் 32 செ.மீ. இருக்க வேண்டும். 3 மி.மீ. கனமுள்ள ரப்பரைப் பிறகு ஒட்டினால் சுற்றளவு ஏறத்தாழ 2 செ.மீ. கூடிவிடும், இது நூற்றுக்கு ஒரு பங்கு. பரப்பில் அது இரண்டு பங்காகும். ஆகவே டியூபின் கனத்தை முதலில் பார்த்துக்கொண்டு, அந்த அளவு பலகையைக் குறைத்து வரையுங்கள்.

நடுத்துளையில் போல்ட் போட்டு, இரு பக்கமும் வாஷர் வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையே சக்கரத்தைப் பொருத்துங்கள். சட்டங்கள் மேலே சேரும் இடத்தில் மூங்கிற்கழியைக் கைப்பிடியாகக் கட்டலாம். போல்ட் துளையில் ஆடக்கூடாது, சக்கரமும் இறுகக்கூடாது.

சக்கரத்தின் பக்கவாட்டில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருக்கட்டும். சட்டத்தில் ஒரு மெல்லிய தகரப் பட்டையைப் பொருத்தினால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆணி அதைத் தட்டி 'டக்' என்று ஒலிக்கும். எண்ணுவதற்கு இதைவிட எளிய கருவி தேவையில்லை. கடைசியில் வரும் அரைகுறைச் சுற்றை அளக்க, ஓரத்தைப் பத்துச் சமபாகமாகப் பிரித்துக் கோடு போட வேண்டும். ஒவ்வொரு பாகமும் ஒரு லிங்க்ஸ். பாகைமானி வைத்து 36 பாகைக்கு ஒரு கோடு என்று உங்கள் பிள்ளையே போட்டுவிடும்.

பலகை கிடைக்காதவர்கள் பழைய சைக்கிள் சக்கரத்தைக் கொண்டும் அளக்கலாம். அதற்கு 32 செ.மீ. கணக்கு பொருந்தாது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம், டயரோடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். டயரின் தேய்மானத்தையும் காற்றையும் பொறுத்து இது மாறும். ஆகவே சூத்திரத்தை நம்பாமல் அடுத்து சொல்லும் சோதனையால் அதன் சுற்றளவைக் கண்டுகொள்ளுங்கள்.

சோதனை

வீட்டில் செய்த எந்த அளவுகோலையும் சோதிக்காமல் வயலுக்குக் கொண்டு போகக்கூடாது. சிமெண்டுக் களத்திலோ பள்ளி வராந்தாவிலோ, நாடாவால் 20 மீட்டர் 11 செ.மீ. அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டில் சக்கரத்தின் குறியை வைத்து உருட்டிச் சென்றால், பத்தாவது சுற்று முடியும்போது குறி இரண்டாம் கோட்டின் மேல் நிற்க வேண்டும். மூன்று முறை பாருங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் முன்பின் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பத்துச் சுற்றில் 20 செ.மீ. தாண்டிப் போனால் நூற்றுக்கு ஒரு பங்கு பிழை. ஓரத்தைத் தேய்த்துச் சரி செய்யுங்கள். சைக்கிள் சக்கரத்துக்கு, பத்துச் சுற்றில் போன தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் அளவு கிடைக்கும்.

நீண்ட தொலைவுக்கும் ஒரு சோதனை உண்டு. சாலையோரக் கிலோமீட்டர் கல் ஒன்றிலிருந்து அடுத்த கல் வரை இந்தச் சக்கரம் சுமார் 497 சுற்று சுற்ற வேண்டும். போக்குவரத்துக் குறைந்த கிளைச் சாலையில், பெரியவர் ஒருவர் உடன் வர, இதைச் செய்யலாம். நெடுஞ்சாலையில் பிள்ளைகளை விட வேண்டாம்.

உருட்டும் முறை

உழுத புழுதியிலும் கட்டியிலும் சக்கரம் ஏறி இறங்கி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சேற்றில் உருளாமல் சறுக்கிக் குறைவாகக் காட்டும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் சேறு ஒட்டிக்கொண்டாலே சக்கரம் பெரிதாகி, அளவு நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்துவிடும். கோணல்மாணலாகத் தள்ளினால் அதிகமாகக் காட்டும். ஆகவே அறுவடைக்குப் பின், உழவுக்கு முன், தாள் காய்ந்து தரை இறுகியிருக்கும் நாட்களே அளக்க ஏற்றவை. வரப்பின் மேல் அல்லாமல், பயிர் நிற்கும் ஓரத்தை ஒட்டி உள்பக்கமாகத் தள்ளுங்கள். நமக்கு வேண்டியது பயிர்ப் பரப்பு.

ஒருவர் தள்ள, ஒருவர் எண்ண, ஒருவர் குறிக்க வேண்டும். பத்தாவது 'டக்' கேட்டவுடன் ஒரு புளியங்கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கொட்டைக்கு ஒரு சங்கிலி. எண்ணிக்கை மறந்தாலும் கொட்டை மறக்காது. போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

சரிவான மானாவாரி நிலத்தில் சக்கரம் சரிவு நீளத்தைக் காட்டும். நில ஆவணங்களில் உள்ளது கிடைமட்ட அளவு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவில் வித்தியாசம் நூற்றுக்கு அரைப் பங்குதான், விட்டுவிடலாம். பத்துக்கு இரண்டு மீட்டர் சரிவில் இரண்டு பங்கு வரும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கோணலான வயலை எப்படிக் கணக்கிடுவது?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நான்கு பக்கமுள்ள வயலுக்கு, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டையும் பெருக்குவது ஊர் வழக்கம். மூலைகள் நான்கும் நேர்கோணமாக இருந்தால்தான் இது சரி. மூலை சாய்ந்திருந்தால் விடை எப்போதும் உள்ளதைவிட அதிகமாகவே வரும், ஒருபோதும் குறையாது. நில உரிமையாளருக்கும் நடவுக் குத்தகைக்காரருக்கும் இது ஆதாயம். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் கூலி கொடுப்பவருக்கும் நட்டம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வயலின் பக்கங்கள் வரிசையாக 27.2, 30.5, 27.3, 32.2 சுற்று. ஊர் வழக்கப்படி எதிர்ப்பக்கச் சராசரிகள் 27.25, 31.35. பெருக்கினால் 854, அதாவது 85.4 சென்ட். இதே வயலின் குறுக்கே, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சக்கரத்தைத் தள்ளினால் 48 சுற்று. இந்த மூலைவிட்டத்திலிருந்து மற்ற இரு மூலைகளுக்கும் செங்குத்தாக அளந்தால் 16 சுற்றும் 17.5 சுற்றும் வருகின்றன. இரண்டையும் கூட்டினால் 33.5. இதை 48-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 804. ஆகவே உண்மையான பரப்பு 80.4 சென்ட். ஐந்து சென்ட் காற்றில் இருந்தது!

சர்வேயர் வைத்திருக்கும் புலப்படத்தில் வயலின் குறுக்கே கோடும், அதிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்து அளவுகளும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் செய்ததும் அதுவே. நிலத்தை முக்கோணங்களாக வெட்டிவிட்டால் கோணல் நம்மை ஏமாற்ற முடியாது. 1802-ஆம் ஆண்டில் சென்னை பரங்கிமலைப் பக்கம் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையும், முக்கோணத்தின் மேல் முக்கோணமாகவே இமயம் வரை சென்றது.

செங்குத்தை எப்படிக் காண்பது? ஒரு கயிற்றில் பன்னிரண்டு சம இடைவெளி வருமாறு முடிச்சுப் போட்டு, நுனிகளைச் சேர்த்து, 3, 4, 5 இடைவெளிகள் கொண்ட முக்கோணமாக இழுத்துப் பிடித்தால், 3-ம் 4-ம் சேரும் மூலை நேர்கோணம். நான்கு இடைவெளிப் பக்கத்தை மூலைவிட்டக் கோட்டின் மேல் வைத்து முன்பின் நகர்த்தி, மூன்று இடைவெளிப் பக்கம் வயலின் மூலையைச் சரியாகக் காட்டும் இடத்தில் குச்சி நடுங்கள். அங்கிருந்து அளப்பதே செங்குத்து. இது தொல்லை என்று கருதினால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் முக்கோணத்தின் மூன்று பக்கங்களைக் கொடுங்கள். ஹெரான் சூத்திரம் என்று ஒன்று படித்திருப்பார்கள். செங்குத்தே இல்லாமல் பரப்பைக் கண்டுவிடலாம். மேலே சொன்ன வயலுக்கும் ஏறத்தாழ அதே விடைதான் வரும்.

ஓடைக்கரையை ஒட்டி ஒரு பக்கம் வளைந்து போகும் வயலில், வளைவுக்கு உள்ளே ஒரு நேர்க்கோடு பிடித்து, ஐந்து சுற்றுக்கு ஒரு முறை அந்தக் கோட்டிலிருந்து கரை வரை அளந்து, சராசரி அகலத்தைக் கோட்டின் நீளத்தால் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளியும் வயலும்

ஆசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல். திடலை அளப்பதோடு நிறுத்த வேண்டாம். வகுப்பை நான்கைந்து குழுவாகப் பிரித்து, ஒரே வயலைத் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். முதலில் கண் மதிப்பு, பிறகு காலடி, பிறகு சக்கரம். ஐந்து குழுவுக்கும் ஐந்து விடை வரும். எது ஏன் விலகியது என்று பேசுவதுதான் பாடம். புத்தகக் கணக்கில் பிழை என்பது மாணவனுடையது, வயலில் சேற்றுக்கும் பங்கு உண்டு. அளந்த வயலுக்கு எத்தனை கிலோ யூரியா என்று வீட்டுக்கணக்கு கொடுத்தால், விடையைத் திருத்துவதற்கு வீட்டிலேயே ஆள் இருப்பார்.

எதற்குப் பயன்படாது?

எல்லைத் தகராறுக்கு இந்தச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வரப்பு எங்கே என்பதைச் சொல்ல வேண்டியவர் அரசு சர்வேயர். பட்டாவையும் புலப்படத்தையும் தமிழக அரசின் இணையதளத்திலேயே இப்போது பார்க்கலாம். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 40.5 ஏர் என்றிருந்தால் அது ஒரு ஏக்கர்.

கைபேசியில் வயலைச் சுற்றி நடந்தாலே பரப்பைக் காட்டுகிறதே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரிய தோட்டத்துக்கு அது வசதிதான். ஆனால் கைபேசி காட்டும் இடத்தில் சில மீட்டர் பிழை இருப்பது இயல்பு. 20 சென்ட் சதுர வயலின் பக்கம் 28 மீட்டர்தான். அதில் மூன்று மீட்டர் தவறினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். சிறு வயல்களுக்குச் சக்கரமே மேல் என்பது என் கருத்து.

டெல்டாப் பகுதியினர் மா கணக்கில் பேசுவதால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா என்ற கணக்கில் ஒரு மா 33 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். கூலி பேசும்முன் எந்தக் குழி என்று கேட்டுக்கொள்வது நலம். குத்தகை பேசுபவர்கள் உரிமையாளரையும் கூட வைத்துக்கொண்டு, பருவம் தொடங்கும் முன்பே அளந்துவிட்டால் அறுவடையில் மனக்கசப்பு வராது.

பரப்புக்கு மட்டுமன்றி நீளத்துக்கும் சக்கரம் உதவும். ஆறு மீட்டர் பி.வி.சி. குழாய் ஒன்றுக்கு மூன்று சுற்று. கிணற்றிலிருந்து மேட்டு வயல் வரை 96 சுற்று என்றால் 32 குழாய். கடையில் தோராயமாகச் சொல்லி நான்கு குழாய் அதிகம் வாங்கி வர வேண்டாம். வேலிக் கம்பிக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் இவ்வாறே கணக்கிடலாம்.

அளந்து முடித்தபின் ஒவ்வொரு வயலின் பெயரையும் அதன் பயிர்ப் பரப்பையும் மோட்டார் அறையின் உட்சுவரில் பெயிண்டால் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அந்தப் பரப்புக்கு ஒவ்வொரு முறையும் இட வேண்டிய யூரியாவின் அளவையும் கிலோவில் எழுதிவிட்டால், நீங்கள் ஊரில் இல்லாத நாளிலும் உரம் போடுபவர் கேட்க வேண்டியிருக்காது. வரப்பை வெட்டி வயல்களைச் சேர்த்தாலோ புதிதாக வாய்க்கால் எடுத்தாலோ, அந்த வயலை மட்டும் திரும்ப அளந்து எண்ணை மாற்றுங்கள்.